கடலையே வயலாகக் கொண்ட மாலைதீவு





எமது கரையோர ஊர்களின் சமையலறைகளில் மாசி இடிக்கும் ஓசை கேட்காத நாட்கள் மிகக் குறைவு. சம்பலுக்கும் சுண்டலுக்கும் மாசி வேண்டும்; ஸஹர் நேரத்தில் வேறொன்றும் இல்லாதபோது ஒரு பிடி சோற்றை உள்ளே இறக்குவதும் மாசிச் சம்பல்தான். ஆனால், கல்லைப் போன்று இறுகிய அந்த மீன் துண்டு எங்கிருந்து வந்தது, அதனைச் செய்து அனுப்பிய மக்கள் யாவர், அவர்களது வரலாறு யாது என்று எம்மில் எத்தனை பேர் சிந்தித்திருப்போம்? ‘மஸ்’ என்றால் மாலைதீவு மக்களின் திவேஹி மொழியில் மீன். அச்சொல்லே எம்மிடம் மாசியாக வந்து தங்கிவிட்டது. அவர்கள் தமது மரக்கலத்தை ‘தோனி’ என்கின்றனர். நாம் தோணி என்கிறோம். ஒரே கடலைப் பங்கிட்டுக்கொண்ட இரு சமூகங்கள் சொற்களையும் பங்கிட்டுக்கொண்டதில் வியப்பில்லை.

இலங்கைக்குத் தென்மேற்கே, வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, பூமத்திய ரேகையையும் கடந்து செல்லும் தீவுக்கூட்டம் மாலைதீவு. ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. அத்தனை தீவுகளின் நிலத்தையும் ஓரிடத்தில் சேர்த்தால் சுமார் 300 சதுர கிலோமீற்றர்தான் தேறும். எமது அம்பாறை மாவட்டத்தின் பரப்பு 4,400 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம் என்பதை எண்ணிப் பாருங்கள்! 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் எமது மாவட்டத்தின் சனத்தொகை ஆறரை இலட்சமளவில் இருந்தது. மாலைதீவிலோ, அங்கு தொழில் புரியும் வெளிநாட்டவரையும் சேர்த்து 2022இல் ஐந்து இலட்சத்தைச் சற்றே தாண்டினர். எமது ஒரு மாவட்டத்தினும் சிறிய நாடு அது.

ஆறு இல்லை, மலை இல்லை, நெல் விளையும் வயலும் இல்லை. இயற்கையான நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் உயரமே. ஆதியில் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லத் தாழ்ந்து அமிழ, அவற்றைச் சுற்றி வாழ்ந்த பவளப்பூச்சிகள் ஒளியை நாடி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. மலை மறைந்தது, பவள வளையம் எஞ்சியது. இவ்விளக்கத்தை 1842இல் சார்ள்ஸ் டார்வின் எழுதினார். அத்தகைய வளையத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘அடோல்’ என்ற பெயர், திவேஹி மொழியின் ‘அதொளு’ என்ற சொல்லிலிருந்து பெறப்பட்டது. உலகின் பெருமொழியொன்றுக்கு இச்சிறு தேசம் வழங்கிய சொல் அது.

அரபுப் பயணிகள் இத்தீவுகளை ‘தீபத்துல் மஹல்’ என்றழைத்தனர். தீவு என்பதே அங்கு ‘தீபத்’ என அரபுருவம் பெற்றது. அதற்கும் முன்னர், 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் பன்னீராயிரம் பழந்தீவுகள் எனக் குறிக்கப்பட்டவை இவையே என்பது அறிஞர் கருத்து. அக்காலத்தில் அம்மக்கள் பௌத்தர்களாக இருந்தனர். மொழியிலும் சிங்களத்துக்கு நெருங்கிய உறவினர்.

அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய வரலாற்றை எமது மிம்பர்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். மாதந்தோறும் கடலிலிருந்து விளக்குகள் நிறைந்த கப்பல் போன்றதொரு தோற்றம் வரும். அதற்கு ஒரு கன்னியைக் கடற்கரைக் கோயிலில் பலியாக விட்டுவருவர். ஒருமுறை மேற்கிலிருந்து வந்த ஹாபிழ் ஒருவர் அப்பெண்ணுக்குப் பதிலாகத் தாமே சென்று இரவு முழுதும் குர்ஆன் ஓதினார். கடற்பூதம் திரும்பிப் பார்க்காமல் மறைந்தது. மன்னர் கலிமாச் சொன்னார். ஹிஜ்ரி 548, அதாவது கி.பி. 1153இல் இது நிகழ்ந்ததாக அந்நாட்டின் வரலாறு கூறுகின்றது. அப்பெரியார் மொரோக்கோ நாட்டு அபுல் பரகாத் அல் பர்பரீ எனத் தாம் கேட்டதாகவும், பள்ளிவாசலின் மரப்பலகையில் அவ்வாறே வாசித்ததாகவும் இப்னு பதூதா எழுதினார். மாலைதீவின் அரபு வரலாற்று நூலான ‘தாரீக்’ அவரைப் பாரசீகத்துத் தப்ரேஸ் நகரத்தவர் என்கின்றது. புள்ளிகளிடாத பழைய அரபு எழுத்தில் பர்பரீயும் தப்ரீஸியும் எத்துணை எளிதில் மயங்கும் என்பதை அரபுக் கல்லூரியில் கையெழுத்துப் பிரதிகளோடு போராடிய எவரும் அறிவர்.

ஆயினும், நேயர்களே, வரலாறு அக்கதையோடு முடிந்துவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறிக்கப்பட்ட செப்பேடுகள் அந்நாட்டில் கிடைத்துள்ளன. தெற்குத் தீவுகளில் பழைய விகாரைகள் இடிக்கப்பட்டதையும், பிக்குகள் மாலேக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டதையும், பள்ளிவாசல்களுக்கு நிலம் எழுதிவைக்கப்பட்டதையும் அவை பேசுகின்றன. ஓர் இரவில் ஓதலால் விளைந்த மாற்றம் என்று நாம் சொல்வது, தெற்கே அரச ஆணையாகச் சென்று சேர்ந்திருக்கின்றது. இதனை மிம்பரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பல சமயத்தவரும் அண்டை வீட்டாராக வாழும் இந்நாட்டில் இருந்துகொண்டு, இனிய பாதியை மட்டும் சொல்லி மறுபாதியை மறைப்பது அறிவுக்கும் அமானிதத்துக்கும் பொருந்தாது என்பதனாலேயே இங்கு குறிப்பிடுகின்றேன். 2012 பெப்ரவரியில் மாலே நூதனசாலைக்குள் ஒரு கும்பல் புகுந்து, இஸ்லாத்துக்கு முற்பட்ட காலத்துப் பவளக்கற் சிலைகளை நொறுக்கியது. அவற்றில் பல மீளச் சீர்செய்ய முடியாதவை. தமது மூதாதையர் செதுக்கிய கற்களைத் தாமே தூளாக்கியோர், நூற்றாண்டுகளாக அவற்றைக் காத்துத் தந்த மண்ணுக்குச் செய்தது என்ன?

மாலேயின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலையும் அறிந்துகொள்ள வேண்டும். 1658இல் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் சுல்தான் கட்டியது. கடலிலிருந்து பவளக்கல்லை ஈரமாக வெட்டியெடுத்து, காயவைத்து, சாந்தின்றி ஒன்றோடொன்று பொருத்தி, மேலே நுண்ணிய பூவேலையும் அரபெழுத்தும் செதுக்கியிருக்கின்றனர். கட்டடம் கிப்லாவை நேராக நோக்கவில்லை. தொழுகை வரிசைகளே உள்ளே சாய்வாக இடப்பட்டுள்ளன. அப்பள்ளிக்கு ‘ஹுகுரு மிஸ்கீ’ என்று பெயர். மிஸ்கீ மஸ்ஜித். ஹுகுரு என்றால் வெள்ளிக்கிழமை. சுக்கிரன் என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. தமிழில் நாமும் அதே கோளின் பெயரால்தான் வெள்ளி என்கிறோம். ஜும்ஆ நாளைக் கோளின் பெயரால் அழைத்தும் அதன் புனிதத்தை இரு சமூகங்களும் காத்து வந்திருக்கின்றன!

இனி, இவ்வரலாற்றின் சுவையான பாத்திரத்துக்கு வருவோம். தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, டில்லியில் காழியாகப் பணியாற்றிப் பின்னர் 1343இன் பிற்பகுதியில் மாலைதீவை அடைந்தார். அப்போது அங்கு அரியணையில் இருந்தவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. ஜும்ஆ குத்பாவில் அவரது பெயருக்கே துஆ ஓதப்பட்டது. நிர்வாகம் அவரது கணவரான வஸீர் ஜமாலுத்தீனின் கையில் இருந்தது. கல்விமான்கள் அரிதான தீவுகளில் டில்லிக் காழி ஒருவர் வந்திறங்கினால் விடுவார்களா? அவரைக் காழியாக்கி, உயர்குடும்பங்களில் மணமும் முடித்துவைத்தனர்.

அம்மக்களைப் பற்றி அவர் எழுதியவை அன்பு நிறைந்தவை. தூய்மை விரும்பிகள், தெருக்கள் கூட்டப்பட்டு மரநிழலில் தோட்டம் போன்றிருக்கும், வெறுங்காலுடன் நடப்பர், வீட்டு வாசலில் உள்ள நீர்ப்பாத்திரத்தில் கால் கழுவித் துடைத்த பின்னரே உள்ளே நுழைவர், சண்டை அறியாதவர்கள், பிரார்த்தனையே அவர்களது ஆயுதம் என்கின்றார். எமது மாசியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மீனை நான்காகக் கீறி, இலேசாக அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிடுவதை அவர் விவரித்திருக்கின்றார். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னரும் அதே மீன், அதே புகை!

காழியாக அவர் செய்தவற்றையும் மறைக்காமல் எழுதினார். ஜும்ஆவுக்கு வராதோரை அடித்து ஊரில் நடத்திக் காட்டினார். மணவிலக்குப் பெற்ற பெண்கள் முன்னாள் கணவர் வீட்டிலேயே தங்கிவிடும் வழக்கத்தை நிறுத்தினார். திருடன் ஒருவனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது சபையில் இருந்தோரில் பலர் மயங்கி விழுந்தனர். இடுப்புக்கு மேல் ஆடையணியாத பெண்களின் வழக்கத்தை மாற்ற முயன்று, அது மட்டும் தம்மால் முடியவில்லை என்று ஒப்புக்கொள்கின்றார். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு காழி. ஏறத்தாழ என் வயதுதான். நூலில் கற்றதை எல்லாம் ஒரே ஆண்டில் ஊரில் நிறைவேற்றிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு அந்நியமானதன்று. முதன்முதலில் ஒரு ஜமாஅத்துக்கு இமாமாகச் சென்ற இளம் மௌலவிகள் பலருக்கும் அந்நோய் உண்டு. ஊரின் மூத்தவர்கள் பொறுத்துக்கொள்வதால்தான் நாம் தப்பிக்கின்றோம்.

வஸீருடன் பகை முற்றியது. 1344 ஓகஸ்டில் அவர் பதவியை விட்டுக் கப்பலேறிப் புத்தளத்தில் இறங்கினார். யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியுடன் பாவாதமலை ஏறினார். தெவிநுவர, காலி, கொழும்பு எனச் சுற்றினார். இலங்கை வாசகர் பலர் இவ்வளவையும் அறிவர். அறியாதது யாதெனில், பின்னர் மதுரை சுல்தானிடம் சென்று, மாலைதீவின் மீது படையெடுக்குமாறு அவரே தூண்டினார் என்பது! தமக்கு உணவும் பதவியும் தந்த, போர் அறியாத மக்கள் மீது. கொள்ளை நோயாலும் சுல்தானின் மரணத்தாலும் அப்படை புறப்படவேயில்லை. அதன் பிறகும் அவர் ஒருமுறை மாலைதீவுக்கு வந்தார். தாம் விட்டுச்சென்ற சிறு மகனைப் பார்க்க. குழந்தையை அழைத்துச் செல்ல எண்ணியவர், தாயிடமே இருப்பது நலம் எனக் கண்டு அவரிடமே விட்டுச் சென்றார். இப்பெரும் பயணியின் நூலில் என் மனத்தைத் தொட்ட இடம் இதுவே.

வயலற்ற மக்கள் சோற்றுக்கு என்ன செய்தனர்? கடலைப் பயிர் செய்தனர். ஆழமற்ற நீரில் விளையும் சோழிகளைத் திரட்டி, குழியிலிட்டுச் சதை அழிந்த பின் வெண்ணோடுகளை வங்காளத்துக்குக் கப்பலேற்றினர். வங்காளத்தில் சோழியே நாணயம். பதிலாக அரிசி வந்தது. மாலைதீவில் ஒரு தங்க தீனாருக்கு நான்கு இலட்சம் சோழி, மலிந்த காலத்தில் அதனினும் அதிகம் என்கின்றார் இப்னு பதூதா. பிற்காலத்தில் மேற்கு ஆபிரிக்காவின் மாலி தேசத்தில் அதே சோழி ஒரு தீனாருக்கு 1,150 விலைபோவதைக் கண்டார். கரையில் கிடந்த சிற்றோடு பாலைவனத்துக்கு அப்பால் முந்நூறு மடங்குக்கும் மேல் விலை பெற்றது. இலாபம் யார் கைக்குப் போயிற்று? சோழி பொறுக்கிய பெண்ணின் கைக்கு அன்று. இன்றும் நெத்தலி பிடிப்பவருக்கும் நெல் விளைவிப்பவருக்கும் இக்கணக்கு புரியும். தென்னை நார்க் கயிறும் அவர்களது செல்வம். இரும்பாணி இல்லாமல் பலகைகளை அக்கயிற்றால் தைத்தே இந்தியாவிலும் யெமனிலும் கப்பல் கட்டினர்.

அச்செல்வம் அந்நியரை அழைத்தது. 1558இல் போர்த்துக்கேயர் மாலேயைப் பிடித்தனர். வடக்கே உதீமு என்னும் சிறு தீவின் முஹம்மது தகுருஃபானுவும் அவரது இரு சகோதரரும், இரவில் வந்து தாக்கி விடியுமுன் கடலில் மறையும் போர்முறையால் ஆண்டுக்கணக்கில் போராடி 1573இல் அவர்களை ஒழித்தனர். ரபீஉனில் அவ்வல் முதல் நாளை இன்றும் தேசிய தினமாகக் கொண்டாடுகின்றனர். அதன்பின் ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் சுல்தானின் தூதுக் கப்பல் ஆண்டுதோறும் காணிக்கைகளுடன் கொழும்புக்கு வந்தது. 1887இல் பிரித்தானியப் பாதுகாப்பை ஏற்ற உடன்படிக்கையும் இலங்கை ஆளுநர் வழியாகவே நிகழ்ந்தது. 1965 ஜூலை 26இல் அவர்களது சுதந்திர ஒப்பந்தம் கைச்சாத்தானதும் கொழும்பிலேயே. 1968இல் சுல்தான் ஆட்சி முடிவுற்றுக் குடியரசாயிற்று.

எம் நாட்டிலிருந்து அவர்களுக்குத் தீங்கும் சென்றது. 1988 நவம்பர் 3ஆம் திகதி, மாலைதீவு வர்த்தகர் ஒருவரின் ஏற்பாட்டில், இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த ஆயுததாரிகள் மாலேயில் இறங்கி ஆட்சியைக் கவிழ்க்க முயன்றனர். அன்றிரவே இந்தியப் படை வந்திறங்கி முறியடித்தது. 19 பேர் உயிரிழந்தனர்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். எம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி அரபுத் தமிழ் கண்டனர். மாலைதீவினரோ ‘தானா’ என்னும் புதிய எழுத்தையே ஆக்கினர். வலமிருந்து இடமாகச் செல்லும் அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவங்கள். அடுத்த ஒன்பது அவர்களது பழைய எண்களின் வடிவங்கள். எண்களை எழுத்தாக்கிய அறிவை என்னென்பது! எமது அரபுத் தமிழோ கிதாபுகளின் பழுப்பேறிய தாள்களில் உறங்குகின்றது. அவர்களது தானா இன்றும் பாடசாலைப் பலகையில் வாழ்கின்றது. 2008ஆம் ஆண்டின் அவர்களது யாப்பு முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது என்கின்றது. அது முற்றிலும் வேறானதொரு சூழலின் சட்டம். சிறுபான்மையினராகப் பல்லினத்தவரோடு வாழும் நாம் அதனை எமக்கு அளவுகோலாகக் கொள்ள இயலாது.

இப்போது, நேயர்களே, நாமும் அவர்களும் ஒரே காலையில் நின்ற இடத்துக்கு வருகின்றேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் பள்ளி மாணவன். அன்றைய கரையை விவரிக்கும் சக்தி எனக்கில்லை. உங்களுக்கு விவரிக்க வேண்டிய தேவையுமில்லை. எமது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரணித்தனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. அதே அலை மேற்கே ஓடி மாலைதீவை அடைந்தது. குடியிருந்த தீவுகளில் ஒன்பது தவிர ஏனையவற்றுள் கடல் புகுந்தது. ஆனால் அங்கு மரணித்தோர் 82 பேர். காணாமற்போனோர் 26 பேர்.

ஒரு மீற்றர் உயர நாடு எவ்வாறு தப்பியது? ஆழ்கடலில் சுனாமியலை உயரமற்றது. கரையை நோக்கிச் சரியும் ஆழங்குறைந்த அடித்தளத்தில் ஏறும்போதே அது மதிலாக நிமிர்கின்றது. மாலைதீவின் பவள வளையங்களோ ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுபவை. அலை நிமிர்வதற்கு இடமில்லை. வெளிப்புறப் பவளப்பார் அதன் வேகத்தை உடைத்தது. எஞ்சிய நீர் தீவுகளுக்கு இடையேயுள்ள வாய்களினூடே கடந்து சென்றது. மாலே நகரைச் சுற்றி, 1987 ஏப்ரலின் பேரலைகளுக்குப் பிறகு ஜப்பானின் உதவியுடன் எழுப்பப்பட்ட கடற்சுவரும் காத்தது. பவளம் கட்டிய மதிலும் மனிதர் கட்டிய மதிலும். வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாரை வெட்டும் வழக்கம் அங்கும் இருந்தது, எமது கரைகளிலும் இருந்தது. வெட்டிய கல் எதனைத் தடுத்து நின்றது என்பதை அலை வந்த பின்னரே உணர்ந்தோம்.

அலை போன பின் அவர்களைத் தாக்கியது தாகம். பவள மணலில் பெய்யும் மழை கீழிறங்கி, கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. அளவாக அள்ளினால் குடிக்கலாம். மிகையாக அள்ளினால் கீழிருந்து உப்பு ஏறும். சுனாமி மேலிருந்தே உப்பை ஊற்றியது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கிணறுகளும் இதே மணற்கிணறுகள்தாம். உப்பேறிய கிணறுகளை அன்று இறைத்து இறைத்துத் தூய்மையாக்க முயன்றோம்; அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உப்பு மேலும் ஏறியது. மாலேயில் நிலத்தடி நன்னீர் நெடுங்காலத்துக்கு முன்பே கெட்டுவிட்டதால் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கின்றனர். 2014 டிசம்பர் 4இல் அந்நிலையத்தில் தீப்பற்றியபோது தலைநகர் முழுதும் குடிநீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியது. சுற்றிலும் கடல், குடிக்கத் துளியில்லை.

கடல் மட்டம் உயர்வது பற்றி மஃமூன் அப்துல் கையூம் 1987இல் ஐக்கிய நாடுகள் சபையில் எச்சரித்தார். 2009 ஒக்டோபரில் ஜனாதிபதி முஹம்மது நஷீத் தம் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டி உலகின் கண்ணைத் திருப்பினார். செய்தியைப் பார்த்துச் சிலர் சிரித்தனர். 2013இல் துறைமுகம் திறக்கப்பட்ட பின்னர் ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் தென்னைகள் வேரோடு கடலில் சாய்வதைக் கண்ட எமக்கு அதில் சிரிக்க எதுவுமில்லை.

வடக்கே ராஃ அதொளுவில் கந்தொள்ளுதூ என்றொரு சிறு தீவு இருந்தது. நெருக்கமான வீடுகள், மீன்பிடிப்போர், ஏறத்தாழ நாலாயிரம் பேர். சுனாமி அத்தீவை வாழத் தகுதியற்றதாக்கிற்று. மக்கள் அயல் தீவுகளில் சிதறி, தற்காலிகக் குடியிருப்புகளில் நான்கு ஆண்டுகள் காத்திருந்தனர். அதே அதொளுவில் ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவைத் துப்புரவாக்கி, செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் உதவியில் சுமார் 600 வீடுகளும் பாடசாலையும் பள்ளிவாசலும் கட்டினர். சிதறிய ஊர் மீண்டும் ஓர் ஊராகக் குடியேறியது.

எமது அக்கரைப்பற்று நுரைச்சோலையிலும் சுனாமியில் வீடிழந்தோருக்கென சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. பள்ளிவாசலும் வைத்தியசாலையும் கூட எழுந்தன. வழக்கும் இழுபறியுமாக ஆண்டுகள் உருண்டன. குடும்பங்கள் காத்திருக்க, அவ்வீடுகளின் முற்றங்களில் பற்றை வளர்ந்தது.